ஆறவைத்த மக்ரோனியும் டப்பா மீனும்

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் எழும்போதே ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு வந்தவர்களைப் போலத்தான் எழுகிறோம். போன மாதம் மாடிப்படியில் பாதி ஏறியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இரத்தம் எடுத்தார்கள், எலும்பைப் படம் எடுத்தார்கள், கடைசியில் உடம்பில் புரதம் போதவில்லை என்றார்கள். என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வதற்கென்றே தனி அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாரத்தில் இரண்டு தடவை ட்யூனா பாஸ்தா சாலட் சாப்பிடச் சொன்னாள். மீனில் புரதமும் இதயத்துக்கு நல்ல கொழுப்பும் இருக்கிறதாம், பாஸ்தா தெம்புக்கு, காய் நார்ச்சத்துக்கு, மயோனைஸ் மட்டும் அளவோடு. "உங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்கும் ஆன்ட்டி, போகப் போகப் பழகிடும்" என்றாள்.

பதில் சொல்லக் களைப்பாக இருந்தது. பத்து வயதில், காரைக்குடியில், அதைத் தின்றுதான் நான் எழுந்து நடந்தேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் என்னைப் பார்த்திருக்க மாட்டாள். என் மகளைத்தான் பார்த்திருப்பாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதாம் வருஷத்தை ஒட்டிய ஒரு கோடை. எனக்கு டைஃபாய்டு. அந்தக் காய்ச்சல் வந்து கிடந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். காய்ச்சலைவிட அது விட்டுப்போன பிறகுதான் பெரிய பாடு. தலைமுடி சீப்போடு வந்தது. கை மணிக்கட்டில் வளையல் நிற்காமல் முழங்கை வரை ஏறி இறங்கியது. காலைத் தரையில் ஊன்றினால் அது யாருடைய காலோ போல இருந்தது. மூன்று வேளையும் கஞ்சி. காலையில் அரிசிக் கஞ்சி, மதியம் பார்லி, சாயந்திரம் கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி. வெந்த மாவின் அந்த மணம் அடுப்படியிலிருந்து கிளம்பும்போதே எனக்குத் தொண்டை மூடிக்கொள்ளும். இப்போதும் யாராவது உடல்நலமில்லாதவர் வீட்டுக்குப் போனால் அந்த வாடை வந்துவிடுமோ என்று வாசலிலேயே ஒரு தரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

அம்மாதான் காவல். டாக்டர் முதல் நாள் வந்தபோது "இலேசா குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டு வாரங்கள் ஆன பிறகும் இலேசு என்றால் கஞ்சிதான். அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு இட்லியைக் கொண்டுவந்தால்கூட, "டாக்டர் வேணாம்னுருக்காரு" என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவாள். அம்மா கெட்டவள் இல்லை. என் கட்டில் காலோடு தன் முந்தானையைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தவள். நான் புரண்டால் அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

அப்பாவுக்குத் தனியார் பஸ்ஸில் டிரைவர் வேலை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் போய்த் திரும்புகிற வண்டி. தொண்டி கடற்கரை ஊர். வண்டியின் மேலே மீன் கூடைகள் ஏறாத நாள் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் மீன் வாங்கிக் கண்டதில்லை. ஆட்டுக்கறி உண்டு, கோழி உண்டு, மீன் கிடையாது. அப்பா தொண்டியிலேயே சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டு வாய் மணக்க வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு மீன் கவிச்சி ஆகாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சின்னம்மா வந்தாள். அப்பாவின் தம்பி மலேயாவில் ஒரு செட்டியார் கடையில் வேலைக்குப் போய் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தார். அவரை நாங்கள் சின்னையா என்போம். பெர்மிட் இல்லாதவர்கள் வேலை பார்க்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்து, நம் ஊர்க்காரர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். "நீ பயலைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுல இரு, நான் ஒரு வழி பண்ணிட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்லிச் சின்னையா கப்பல் ஏற்றிவிட்டிருக்கிறார். நாகப்பட்டினத்தில் இறங்கி, மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றாள். அதற்கு முன் அவளை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

பெட்டியில் பாதி துணி, பாதி டப்பா. பால் டப்பா, பிஸ்கட் டப்பா, நீலத்தாள் ஒட்டிய மீன் டப்பாக்கள், காகிதப் பையில் வளைந்த சின்னக் குழல்களாக மக்ரோனி. டப்பா திறக்க ஒரு இரும்புக் கருவி. தவிட்டுக்குள் பொதிந்துவைத்த ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம், விளிம்பில் நீலப் பூ. அந்தக் கிண்ணம் பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அது எப்போதாவது உடைந்ததாகவும் நினைவில்லை.

அவள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. எந்த நேரமானாலும் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்பாள். தெருவில் சிரித்தார்கள். பணக்காரி என்றார்கள், டாம்பீகம் என்றார்கள். வந்த முதல் வாரமே, "எல்லாத்தையும் டப்பாவுலயே அடைச்சுத் திங்கிற ஊரு போல" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதை அம்மா திருத்தவில்லை.

ஒருநாள் மதியம் சின்னம்மா தன் மகனுக்காக அதைச் செய்தாள். நான் கட்டிலில் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். மக்ரோனியை உப்புப் போட்டு அவித்து, வடித்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆறவைத்தாள். டப்பாவைத் திறந்து எண்ணெயில் கிடந்த மீனை விரலால் உதிர்த்தாள். சின்ன வெங்காயம், வெள்ளரிப் பிஞ்சு, அவித்த முட்டை எல்லாம் பொடியாக அரிந்தாள். பச்சை முட்டையின் மஞ்சளை ஒரு கோப்பையில் விட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தாள். அது வெண்ணெய் போலத் திரண்டதும் எலுமிச்சம்பழம் பிழிந்து எல்லாவற்றையும் பிசறினாள். புகை இல்லை, ஆவி இல்லை. எலுமிச்சை மணமும் மிளகு மணமும் மட்டும் வந்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு என் வாயில் எச்சில் ஊறியது.

"அது என்ன சின்னம்மா?"

"துரைமார் சாப்பாடு. எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல வெள்ளைக்காரத் துரை பங்களாவுல சமைச்சாங்க. மலை மேல இருக்கிற தோட்டம். பச்சை மீன் வந்து சேர்றதுக்குள்ள நாறிப் போயிடும். அதனால டப்பா மீன். வெயில் நேரத்துல துரைசானிக்குச் சூடா எதுவும் இறங்காது. காலையிலேயே அவிச்சு ஆறவச்சிடுவாங்க." அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "உனக்கும் சூடு இறங்கலை போல. மாவு வயித்தை நிரப்பும், மீன் சதை போடும், எண்ணெய் தோலுக்கு. பசியாறுறியா?"

ஒரு கரண்டி வாயில் வைத்தாள். குளிர்ச்சியாக, வழவழப்பாக, உப்பும் புளிப்புமாக இருந்தது. மென்று விழுங்கினேன். இரண்டாவது கரண்டி வாய்க்கு வருவதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

கிண்ணத்தைப் பிடுங்கியவள் கொல்லைப் பக்கம் போய் அப்படியே கொட்டிவிட்டு வந்தாள். காக்கைகள் கூடிய சத்தம் கேட்டது. என் வாய்க்குள் விரலை விட்டு மிச்சத்தை வழித்தெடுத்தாள்.

"காய்ச்சக்காரப் பிள்ளைக்கு மீனையும் பச்சை முட்டையையும் குடுக்குறியே, உனக்கு அறிவிருக்கா? யாரைக் கேட்டுக் குடுத்த?"

சின்னம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "காய்ச்சல் போய் எவ்வளவு நாளாச்சுக்கா? பிள்ளை எலும்பா கிடக்குது. இப்படியே கஞ்சியக் குடுத்துக் குடுத்து நீங்களே கொன்னுடுவீங்க போலிருக்கு."

அம்மா கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். நெல் குதிர் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயந்திரம் அடுப்புப் பற்றவைக்கக்கூட வெளியே வரவில்லை.

அப்பா வந்ததும் சின்னம்மா நடந்ததைச் சொன்னாள். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

"அந்த வார்த்தைய மட்டும் அவகிட்டச் சொல்லியிருக்க வேணாம் தாயி" என்றார் அப்பா. "உனக்குத் தெரியாது. இவளுக்கு முந்தி எங்களுக்கு ஒரு பய இருந்தான். ரெண்டு வயசு. அம்மை போட்டு எறங்கி, தேறி வந்துட்டான். மீன் வேணும்னு ஒரே அழுகை. பிள்ளை ஆசையாக் கேக்குதேன்னு அவதான் சோத்துல பிசைஞ்சு ஊட்டிவிட்டா. மறுநா வயித்தால போக ஆரம்பிச்சு, தேவகோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மீனாலதான் போனானோ, அவன் விதியோ, யாரு கண்டா? அவ அன்னைக்கு விட்டதுதான் மீனை. ஆக்குறதுமில்லை, திங்கிறதுமில்லை."

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வீட்டில் அவனுடைய போட்டோ கிடையாது, ஒரு சட்டை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தேன். நாக்கில் அந்த எலுமிச்சைப் புளிப்பு இன்னும் இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே அடுப்படியில் வேலை பார்த்தார்கள். சின்னம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்க வேண்டுமே என்று நினைத்திருப்பாள். அம்மாவோ அதை அவள் திமிர் என்று எடுத்துக்கொண்டாள். பெரியவர்கள் இப்படித்தான் ஒருவரை ஒருவர் தப்பாகவே எடைபோட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குள் வருஷக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். நாமும்தான் இருந்தோம்.

ஒருநாள் காலை கொல்லைக்குப் போக எழுந்தவள் கிணற்றடியில் விழுந்துவிட்டேன். மயக்கம். கண்விழித்தபோது டாக்டர் என் கண்ணிமையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு என்னம்மா குடுக்கிறீக?"

"நீங்க சொன்னபடி கஞ்சிதாங்க. வேற எதையும் கிட்டவே விடலை" என்றாள் அம்மா. அந்தக் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

"கஞ்சியா? இத்தனை நாளாவா?" அவர் நிமிர்ந்தார். "காய்ச்சல் அடிக்கையில இலேசாக் குடுங்கன்னேன். அது போயி எம்புட்டு நாளாச்சு? இந்த உடம்புல இனிமே கரையிறதுக்கு என்னம்மா இருக்கு? முட்டை குடுங்க, பருப்பு குடுங்க, முள்ளில்லாம மீன் குடுங்க. என்னத்தைக் கேட்டாலும் கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க."

சின்னம்மா தூணருகே நின்றபடி, "மீனு, மக்ரோனி, முட்டை கலந்து ஆறவச்சுக் குடுக்கலாங்களா டாக்டர்? முட்டை மஞ்சளைப் பச்சையா அடிச்சு ஊத்துவோம்" என்று கேட்டாள்.

"பச்சை முட்டையா? கூடவே கூடாது. அந்தப் பொண்ணுக்குக் குடல் இன்னும் புண்ணுதான். எல்லாத்தையும் நல்லா அவிச்சுக் குடுங்க. அன்னன்னைக்குச் செஞ்சது அன்னன்னைக்கே."

ஆக அம்மா சொன்னதிலும் பாதி சரி, சின்னம்மா சொன்னதிலும் பாதி சரி. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கையில் கஞ்சிக் கும்பா இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தெரியாமல், எனக்குக் கொடுக்கவும் முடியாமல் நின்றாளே, அந்த நிற்பை நான் பிற்காலத்தில் கண்ணாடியில் பல தடவை பார்த்திருக்கிறேன். என் பிள்ளைகள் விஷயத்தில்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அடுப்படிக்குப் போனாள்.

"அந்த டப்பாவை எடு" என்றாள்.

சின்னம்மா எடுத்தாள். முட்டையை அவித்து, மஞ்சளை மட்டும் எடுத்து எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு மசித்தாள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். கலந்து முடித்ததும் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல நான் திங்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னாப் பிள்ளைக்குக் குடு."

"அக்கா, நீங்க விட்டதாச்சே. நான் சாப்பிட்டுக் காட்டுறேன்."

"நீ தின்னா எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் திங்கணும்."

கட்டிலிலிருந்து எனக்கு அம்மாவின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு மெல்லாமல் இருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஓங்கரித்துக்கொண்டு வந்ததை வாயைப் பொத்தி அடக்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய மென்று விழுங்கினாள். அடுத்த கவளம். சின்னம்மா தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். கிண்ணம் காலியாகும் வரை அம்மா நிறுத்தவில்லை.

அதன் பிறகு பகல் முழுவதும் அம்மா தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே நடமாடினாள். துணி துவைத்தாள், தண்ணீர் இறைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் என் அருகில் வந்து உட்கார்ந்து, "ஏத்தா, புதுசாப் பிசைஞ்சு கொண்டா" என்று சின்னம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாவே ஊட்டினாள். நான் விழுங்குவதை அவள் தொண்டையும் சேர்ந்து விழுங்கியது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் சாப்பிட்டேன். அதற்கு மறுநாள், நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கதையில் வருகிற மாதிரி ஒரே வாரத்தில் எழுந்து ஓடிவிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், பிறகு பிடிக்காமல் நடந்தேன். தலையில் பூனை முடி போல மெத்தென்று மயிர் முளைத்தது.

டப்பாக்கள் தீர்ந்தன. காலி டப்பாவில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு அப்பா சிரித்தார். "அட, இது நம்ம சூரை மீனுல்ல! தொண்டியில கூடை கூடையா எறங்குது, சீந்துவாரில்லை. இதையா டப்பாவுல அடைச்சு அங்குட்டுருந்து கொண்டாந்தீக?" அன்றிலிருந்து பஸ் திரும்பும்போது தாமரை இலையில் சுற்றிய சூரைத் துண்டம் வீட்டுக்கு வந்தது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து உதிர்ப்பது அம்மாவின் வேலை. உதிர்த்ததை மறுபடி விரல் நுனியால் தடவித் தடவி முள் பார்ப்பாள். மக்ரோனி தீர்ந்த பிறகு இடியாப்பத்தைப் பிழிந்து, ஆறவைத்து, உதிர்த்துக் கலந்தார்கள். மலேயாக் குழலைவிட அது நன்றாகவே இருந்தது என்று நான் சொன்னதும் சின்னம்மா, "போடி, துரைசானி கேட்டா அழுவா" என்றாள். அம்மா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சின்னம்மா பணக்காரி இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. சின்னையா அவளை அனுப்பும்போது கையில் கொடுத்ததே அந்தப் பெட்டிதான். புரட்டாசி வாக்கில், அங்கிருந்து திரும்பிய கண்டரமாணிக்கத்துக்காரர் ஒருவர் அப்பாவைப் பஸ் நிலையத்தில் பார்த்துச் சொன்னார். சின்னையா அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார், பெர்மிட்டுக்குக்கூட அவள் ஆட்கள்தான் ஏற்பாடு செய்தார்கள் என்று. அப்பா அதை வீட்டில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சொந்தக்காரர்கள் கூடினார்கள். எல்லோருக்கும் ஒரே பேச்சு. "ஆம்பளை அப்படித்தான் இருப்பான், தானா வருவான். நீ பயலை வச்சுக்கிட்டு இங்குட்டே இரு. நம்ம வீட்டு மருமகளை நாங்க விட்டுருவமா?" அப்பாவும் அப்படித்தான் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நம் வீடுகளில் நடந்த பெரும்பாலான தீமை நல்லெண்ணத்தில் நடந்ததுதான்.

சின்னம்மா, "எங்கம்மா அங்கதான் இருக்காங்க. நான் அங்க பொறந்தவ, எனக்கு யார்கிட்டயும் பெர்மிட் கேக்க வேண்டியதில்லை. நான் போறேன்" என்றாள்.

"பொட்டச்சி தனியாப் போயி என்னத்தைப் பண்ணுவ?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"போகட்டுமே. அவளுக்குச் சமைக்கத் தெரியும், எங்க இருந்தாலும் பொழைச்சுக்கிருவா. இங்க இருந்தா நம்ம எல்லாருக்கும் ஆக்கிப் போட்டே செத்துப் போவா. அவுக ஆத்தாகிட்டப் போகட்டும்." பிறகு அப்பாவிடம் திரும்பி, "நீங்க கூடப் போயி நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்திவிட்டுட்டு வாரீக" என்றாள். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அப்பா கையில் வைத்தாள். அது எங்கே போனது என்று அப்பாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கப்பல் டிக்கெட் வந்தது.

தஞ்சாவூர் பஸ் ஏற்ற நானும் போனேன். ஐப்பசித் தூறல். அப்பா பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பயல் சன்னலோரம் உட்கார்ந்து கம்பியை நக்கிக்கொண்டிருந்தான். சின்னம்மா படியில் ஒரு காலை வைத்தவள் இறங்கி அம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, நான் அன்னிக்குச் சொன்ன வார்த்தை..."

"அதை விடு."

"இல்லைக்கா. ஒண்ணு கேக்கணும். அந்தப் பிள்ளை பேரு என்ன?"

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் அவளிடம் கேட்டதில்லை என்று அந்த முகம் சொன்னது. டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். அம்மா முன்னால் குனிந்து, சின்னம்மாவின் தோளைப் பிடித்து, அவள் காதில் சொன்னாள். சின்னம்மா அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இரண்டு எட்டில் நின்ற எனக்கு அது கேட்கவில்லை.

அம்மாவை வெகுகாலம் கழித்து ஒருமுறை கேட்டேன். "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அப்பாவைக் கேட்டதற்கு, "பெரியவன்னுதானே கூப்பிடுவோம்" என்றார். அவருக்கு மறந்துவிட்டதா, சொல்ல வாய் வரவில்லையா, தெரியாது. இருவரும் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. சின்னம்மாவிடமிருந்து பிறகு தகவல் எதுவும் இல்லை. உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஊரில், என் அண்ணனுடைய பெயரைத் தெரிந்த ஒரே ஆளாக.